கீழ் வீட்டுப் பாட்டு

செபராங் ஜெயா
2 மார்ச் 2024

லோகேஸ்வரிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். தடுக்காமல் இருந்திருந்தாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

போன அக்டோபரில் எனக்குத் தைராய்டு கட்டி எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அடிபட்டுவிட்டது. அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது என்னிடம் இருப்பது வேறு குரல். கனமாக, கரகரப்பாக இருக்கிறது. சற்று மேலே போனால் உடைந்து வெறும் காற்றாகிவிடுகிறது. இதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

ஆரபிக்குத் தெரியாது. டப்ளினில் அவளுக்கு மருத்துவப் படிப்பின் கடைசிப் பரீட்சை மே மாதம். அதுவரை தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். முதலில் தொண்டையில் கிருமி என்றேன். பிறகு ஃபோனில் மைக்கும் கேமராவும் கெட்டுவிட்டன என்றேன். மெசேஜ் மட்டும் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அவள் பிறந்தநாள் வந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், அவளைத் தொட்டிலில் போட்டுப் பாடிய தாலாட்டை ஃபோனில் பாடுவேன் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை, நூர் பீவி அக்காவின் துணிக்கடை மாடியில் நாமெல்லாம் கரோக்கே பாடிய நாட்களில் அக்கா எடுத்துவைத்த பதிவு ஒன்றை அனுப்பினேன். மற்ற பதிவுகளிலெல்லாம் ஆரபியின் அப்பா ஸ்ரீகரன் இருக்கிறார், பாட்டு முடிவதற்கு முன்பே கைதட்டிக்கொண்டு. அவர் இறந்த பிறகு எடுத்தது இது ஒன்றுதான். நடுவில் வரும் ஹம்மிங்கை நீ எடுத்திருக்கிறாய். அனுப்பும்போது நான் அதை யோசிக்கவில்லை.

அவள் உடனே எழுதினாள்: "லோகேஸ் ஆன்ட்டி குரல் கேக்குதே! ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?" ஆமாம் என்று பதில் போட்டேன்.

உன்னை அவள் கூப்பிடக்கூடும். கூப்பிட்டால் நீயும் ஆமாம் என்று சொல். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றும் சொல். மே முடியும்வரை போதும்.

சிந்துஜா


ஜெலுத்தோங்
9 மார்ச் 2024

சிந்து,

உன் கடிதத்தில் 'தயவுசெய்து' என்ற சொல்லைத் தேடினேன். இரண்டாம் தரம் படித்தபோதும் இல்லை. சரி, நீ நீயாகத்தான் இருக்கிறாய் என்று ஒருவிதத்தில் நிம்மதி.

பிந்திவிட்டாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே ஆரபி கூப்பிட்டுவிட்டாள். "ஆன்ட்டி, அம்மாகூட மறுபடியும் பாடுறீங்களாமே" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது. "யாரும்மா சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். பிறகு "சரி ஆன்ட்டி, க்ளாஸ் இருக்கு" என்று வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள் என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மறுபடி கூப்பிட்டாலும் நீ கேட்டதை நான் சொல்ல மாட்டேன். ஸ்ரீகரன் போன அன்று உன் வீட்டு ஹாலில் ஃபோனை எடுத்தது யார்? அவரைக் கிடத்தியிருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, "அப்பா தூங்குறாரும்மா, நீ எக்ஸாம பாரு" என்று சொன்னது யார்? நீ கையால் ஜாடை காட்டினாய், நான் சொன்னேன். நம் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் பரீட்சை கெடக்கூடாது என்று. பரீட்சையை முடித்துவிட்டு அவள் வந்து இறங்கியபோது சாம்பலைக்கூடக் கடலில் கரைத்தாகிவிட்டது. ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்து, "நீங்களுமா ஆன்ட்டி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீ அனுப்பிய பதிவு எந்தச் சனிக்கிழமையினுடையது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நான் ஹம்மிங் எடுத்ததும் நீ "ப்ச்" என்று மெஷினை நிறுத்தினாய், அக்காவின் பதிவும் அதோடு நின்றது. என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாய். "மொதல்லேர்ந்து. லோகேஸ், நீ பாடாதலா, கைய மட்டும் தட்டு." எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் டீயைக் குடித்தார்கள்.

தண்ணீர் குடிக்கும்போது உனக்குப் புரையேறுகிறதா? எங்கள் ஆபீசில் ஒருத்திக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி இருந்தது. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொன்னார்களாம்.

லோகேஸ்வரி


செபராங் ஜெயா
14 மார்ச் 2024

லோகேஸ்,

புரையேறுகிறது. குனிந்துதான் குடிக்கிறேன்.

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது கோபம் எங்கே என்று தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். நீ சுருதிக்குக் கீழே நின்றாய். அது உண்மை. சுருதி விலகினால் எனக்கு உடம்பில் வலிக்கும், பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி. அதற்கு நான் என்ன செய்ய? இப்போது அந்த வலி என் தொண்டையிலிருந்தே வருகிறது. நிறுத்து என்று சொல்ல எதிரில் யாரும் இல்லை. அதனால் நானே நிறுத்திக்கொண்டேன்.

கழுத்துக்கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் பேங்கிலிருந்து ஃபோன் வந்தது. பேசிக்கொண்டிருந்த பெண் மரியாதையாக, "சரி என்சிக்" என்றாள். ஆம்பளை என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை. "இந்த அக்கவுண்ட் புவான் சிந்துஜா பேரில் இருக்கிறது, அவருடைய கணவரா பேசுகிறீர்கள்?" என்று கேட்டாள். கணவர் இறந்துவிட்டார் என்று நான் அந்தக் குரலிலேயே சொன்னேன். அவள் குழம்பி ஃபோனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து ஃபோனை எடுப்பதில்லை. ஆபீசில் எல்லாவற்றையும் இமெயிலில் முடித்துக்கொள்கிறேன். பசாரில் விரலைக் காட்டி மீன் வாங்குகிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நோர்மா, "பேசாமல் இருந்தால் தேறாது புவான்" என்கிறாள். என்னைப் புவான் என்று கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். அதற்காகவே போய் வருகிறேன், பயிற்சி செய்வதில்லை.

ஆரபி இந்தக் குரலைக் கேட்டால் என்ன நினைப்பாள்? அவளுக்கு அப்பா இல்லை. இருந்த அம்மாவும் மாறிவிட்டாள் என்று தெரிந்தால் பரீட்சை எழுதுவாளா? நீ பிள்ளை பெறவில்லை, உனக்குப் புரியாது என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்த இடம் தெரிகிறது. தெரியட்டும்.

சிந்துஜா


ஜெலுத்தோங்
24 மார்ச் 2024

சிந்து,

அடித்ததைப் படித்தேன். பத்து நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். போகட்டும்.

என்சிக் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். கணவர் இறந்துவிட்டார் என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்குப் பிறகு நான் பாடுவதையே விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாய். விடவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாலில் மேல்தளத்தில் காசு போட்டுப் பாடும் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே இரண்டு ஸ்டூல், இரண்டு மைக். சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் போய்விடுவேன். தமிழ்ப் பாட்டு கொஞ்சம்தான், அதுவும் பழசு. எனக்கு அது போதும்.

சுருதி நிற்காதவள் இரண்டு வருடம் தனியாகப் பாடினால் சில விஷயங்கள் பிடிபடுகின்றன. உனக்குத் தேவைப்பட்டதே இல்லை என்பதால் உனக்குத் தெரியாது. ஒரு பாட்டை எடுக்கும் முன் முதல் வரியைச் சும்மா பேசிப் பார்ப்பேன். பேசுகிற இடத்திலேயே பாட்டும் தொடங்கினால் எடுப்பேன். கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் விட்டுவிடுவேன். வரி சின்னதாக இருக்க வேண்டும், வரிக்கு வரி வாத்தியம் வந்து மூச்சுவிட இடம் தர வேண்டும். பல்லவியை நம்பக்கூடாது. அது சாதுவாக இருக்கும், சரணத்தின் நடுவில்தான் ஏறும். அதனால் அந்த இடத்தை முதலில் கேட்டுவிடு. மெஷினில் கீயை, அதாவது சுருதியை, இறக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. நாமெல்லாம் அதைத் தொடுவதைக் கேவலமாக நினைத்தோம். நான் மூன்று தரம் அழுத்துவேன். யாரும் வந்து பிடிக்கவில்லை.

இதையெல்லாம் கண்டுபிடித்த பெருமையில் ஒரு நாள் சூலியா தெருவுக்குப் போய் நூர் பீவி அக்காவிடம் சொன்னேன். அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "இத கண்டுபிடிக்க உனக்கு ரெண்டு வருசமா? சினிமாக்காரன் பொம்பள பாட்டெல்லாம் மச்சு மேல கட்டி வச்சிருக்கான். நமக்கு முட்டி வலி. ஆம்பள பாட்டு எடுத்தா கீழ் வீட்டுலயே உக்காந்து பாடலாம்லா." அதிலிருந்து ஆண் பாடும் பாட்டாகப் பார்த்து எடுக்கிறேன். ஜோடிப் பாட்டானால் ஆண் வரிகள் மட்டும். பெண் வரிகள் வரும்போது சும்மா உட்கார்ந்திருப்பேன். எதிர் ஸ்டூல் காலியாகத்தான் இருக்கும்.

ஆரபி அந்தப் பதிவை எனக்கு அனுப்பியிருக்கிறாள், ஒரு வார்த்தைகூட எழுதாமல். என் குரலைக் கேட்டேன். நீ சொன்னது பொய் இல்லை. எவ்வளவு கீழே நிற்கிறேன்! ஆனால் ஒன்று யோசித்தாயா? நான் சுருதியோடு பாடியிருந்தால் அது யார் குரலோ என்று அவள் விட்டிருப்பாள்.

ஏப்ரல் ஆறாம் தேதி சனிக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். பேச வேண்டாம். உட்கார்ந்திரு, போதும்.

லோகேஸ்


செபராங் ஜெயா
7 ஏப்ரல் 2024

லோகேஸ்,

வந்தேன். ஃபெர்ரியில் கடல் தாண்டி உன் தீவுக்கு வந்து, பஸ் பிடித்து, மேல்தளம்வரை வந்தேன். ரமலான் கடைசி வாரம், பெருநாள் துணி வாங்க வந்த கூட்டம். நீ கண்ணாடிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். கதவைத் தாண்டி உன் சத்தம் கொஞ்சம் வந்தது. கீழேதான் பாடினாய். கீழே பாடினாலும் நின்ற இடத்தில் நின்றாய்.

எனக்குப் பல் கூசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பக்கத்தில் நின்ற பெண் ஏதோ கேட்டாள், பெட்டிக்குக் காசு எங்கே மாற்றுவது என்று நினைக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திரும்பிப் போய்விட்டேன்.

இனிமேல் என்னை அழைக்காதே.

சிந்துஜா


12 ஏப்ரல் 2024
உன் வீட்டு வாசலில் இருந்து

சிந்து,

இதைத் தபாலில் போட நேரமில்லை. மணியை அடித்துவிட்டேன். உன் ஜன்னல் திரை அசைந்தது, நீ உள்ளேதான் இருக்கிறாய். கேட்டின் பக்கத்தில் நின்று, கைப்பையை மேசையாக வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நேற்று ஆரபி கூப்பிட்டாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

"ஆன்ட்டி, உண்மைய சொல்லுங்க. அம்மா இருக்காங்களா?"

"என்னம்மா கேக்குற? இருக்காங்க."

"அப்பா தூங்குறாருன்னும் நீங்கதான் சொன்னீங்க."

அவளே பேசிக்கொண்டு போனாள். "ஆறு மாசமா வெறும் மெசேஜ். ஃபோன் கெட்டுப்போச்சாம், மாத்த நேரம் இல்லையாம். பொறந்தநாளுக்குப் பழைய பாட்டு. எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? எனக்கு எக்ஸாம்னா நம்ம வீட்டுல என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? பெரியப்பாதான் அம்மா ஃபோன வச்சுக்கிட்டு டைப் பண்றாரு." அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், குரல் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ தடுத்ததைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள். "அப்பாவுக்கும் மொதல்ல லேசா நெஞ்சு வலின்னுதான் சொன்னீங்க" என்றாள்.

அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். பரீட்சை எழுதப் போவதில்லை. அம்மாவின் முகத்தை இந்த முறையாவது பார்க்க வேண்டும் என்று அழுகிறாள். உன் சாவுக்கு வருகிறாள், சிந்து. நீ திரைக்குப் பின்னால் உயிரோடு நின்றுகொண்டிருக்கும்போது.

நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ எழுதினாலும் நம்ப மாட்டாள். நீ வாயைத் திறக்க வேண்டும். என்ன குரலோ, அந்தக் குரலில்.

கேட்டில் சொருகிவிட்டுப் போகிறேன். மதியம் ஒரு மணி ஆகப்போகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டப்ளினில் விடிந்துவிடும்.

லோகேஸ்


செபராங் ஜெயா
15 ஏப்ரல் 2024

அன்புள்ள லோகேஸ்,

உன் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை திரைக்குப் பின்னால்தான் நின்றேன். பிறகு போய் எடுத்து, நின்றுகொண்டே படித்தேன். 'உன் சாவுக்கு வருகிறாள்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அங்கே எட்டு மணி ஆகும்வரை மேசைமேல் ஃபோனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவில்தான் கூப்பிட நினைத்தேன். அவசரத்தில் வேறு எதையோ அழுத்திவிட்டேன். அவள் எடுத்துவிட்டாள்.

"ஆரபி" என்றேன்.

"யாரு? பெரியப்பாவா?"

"அம்மாதான் பேசுறேன்."

"பெரியப்பா, ப்ளீஸ்." அவள் குரல் ஒரு டாக்டர் குரல் மாதிரி இருந்தது, அவ்வளவு அமைதி. "அம்மாகிட்ட குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் அது ஒரு ஆணின் குரலில்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெயரைச் சொன்னேன், அவள் பிறந்த நேரத்தைச் சொன்னேன். பெரியப்பாவுக்கும் அதெல்லாம் தெரியும்தானே. வைத்துவிட்டு வீடியோவில் வந்தால் எடுப்பாளோ மாட்டாளோ என்று பயந்து, தாலாட்டை எடுத்தேன். நீ எழுதியபடி முதல் வரியை முதலில் பேசிப் பார்த்தேன். அது எங்கே உட்கார்ந்ததோ அங்கிருந்தே தொடங்கினேன். மெஷின் இல்லை, பொத்தான் இல்லை, எவ்வளவு கீழே இறங்கினேனோ தெரியாது. முதல் வரி நின்றது. இரண்டாவது வரி ஏறும் இடத்தில் குரல் கிழிந்து, பாதிச் சொல் காற்றாகப் போனது.

"ப்ச்" என்றேன். "மொதல்லேர்ந்து."

நான் சொன்னது எனக்கே தெரியவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அம்மா" என்றாள்.

பிறகு, "அந்த 'ப்ச்' வேற யாருக்கும் வராது" என்றாள். அழுதாள். நான் மறுபடி முதல் வரிக்குப் போனேன். "வேணாம்மா, மொதல்லேர்ந்து வேணாம். விட்ட எடத்துலேர்ந்து பாடுங்க" என்றாள். உனக்குத் தெரியும், நான் தப்பான ஸ்வரத்தைத் தாண்டி ஒரு நாளும் பாடியதில்லை. பாடினேன். இரண்டு சரணமும். பாதி இடங்களில் சொல் மட்டும் இருந்தது, பாட்டு இல்லை. நடுவில் அவள், "லோகேஸ் ஆன்ட்டி மாதிரியே போகுதும்மா" என்றாள். "அவளவிட மோசம்" என்றேன். சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது அவளுக்கு. கத்தினாள். அப்பாவுக்கும் சேர்த்துக் கத்தினாள், மூன்று வருடமாகக் கத்தாததையெல்லாம். ஃபோனை வைத்துவிட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே வீடியோவில் வந்து, "கழுத்தக் காட்டுங்க" என்றாள். தழும்பை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, நோர்மா கொடுத்த பயிற்சிகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். செய்யவில்லை என்றதும் அவள் பார்த்த பார்வை அசல் ஸ்ரீகரன்.

நேற்று சித்திரைப் பிறப்பு. வாழ்த்துச் சொல்ல நானே கூப்பிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாளாம். பரீட்சை எழுதுகிறாள். தினமும் நான் பேச வேண்டும் என்பது நிபந்தனை. உன்னிடம் அவள் இன்னும் பழைய கோபத்தில்தான் இருக்கிறாள். அது என்னால் வந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அன்று ஹாலில் கையைக் காட்டியது நான் என்பதையும் சொன்னேன். உன்னை அவளே கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். அவசரப்படாதே.

உன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியதைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். தாளில் அழகாக எழுதிவிட முடியும், அதனால் வேண்டாம். நேரில், இந்தக் குரலிலேயே சொல்கிறேன்.

வரும் சனிக்கிழமை வருகிறேன். ஜோடிப் பாட்டு ஒன்று பார்த்து வை. ஆம்பளை வரிகள் எனக்கு. பொம்பளை வரிகளை நீ எடுத்துக்கொள், மூன்று தரமோ ஐந்து தரமோ, எத்தனை வேண்டுமோ அழுத்திக்கொள்.

என் நம்பரைத் திறந்து விடு. ஃபெர்ரி ஏறும் முன் உன்னைக் கூப்பிடுவேன். ஆம்பளைக் குரல் கேட்கிறதே என்று வைத்துவிடாதே.

சிந்து